சாட்சிக் கூண்டில் பட்டாணி

போன மாதம் சிட்னியின் டூங்கபியில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கட்லட் தட்டோடு நின்றுகொண்டிருந்த என்னைத் தேடி ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் நிலானி. தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதுகிறாளாம்.

"அன்ரி, நீங்கள் கௌபோய் ஸ்டோரி எல்லாம் எழுதினனீங்களாம். இஸ் தட் ட்ரூ?"

"ஓம்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா'வுக்குள் என் சேலை, மூக்குக்கண்ணாடி, கழுத்தில் கிடந்த சிலுவை, கையிலிருந்த கட்லட் எல்லாம் அடங்கியிருந்தன. நான் கோபிக்கவில்லை. அந்தக் கேள்வியை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டுப் பழகிவிட்டேன்.

இப்போதெல்லாம் ஒரு தொடருக்கு ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் இருப்பார்களாம். குதிரைக்கு ஒரு ஆலோசகர், துப்பாக்கிக்கு ஒரு ஆலோசகர், யாருடைய மனமும் நோகாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர். "உங்களுக்கு ஆர் இருந்தது அன்ரி?" என்று கேட்டாள்.

"நெவில்."

"அவர் எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

அந்தக் காலத்து அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டாள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். "ஷூர், அன்ரி" என்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே மனம்விட்டு எழுதலாம்.

நான் மன்னார்க்காரி. கொழும்பில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். கலியாணம் கட்டினேன், மெல்பேர்னுக்கு வந்தேன், ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தேன். என் பயிற்சிக்காலம் இவ்வளவுதான்.

அந்த நிறுவனம் அப்போது ஒரு தொடர் எடுத்துக்கொண்டிருந்தது. பொன் தோண்டிய காலத்து ஆஸ்திரேலியாவில் ஒரு கற்பனை ஊர். அந்த ஊருக்கு ஒரு பொலிஸ் சார்ஜன்ட், ஒரு மதுக்கடை, அவ்வப்போது வந்து போகும் கொள்ளையர்கள், நிறையக் குதிரைகள், நிறையத் தூசி. அமெரிக்கர்களின் குதிரைப் படங்களைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்ட பூனை அது. ஆனால் அதற்குள் சிரிப்பும் இருந்ததால் சனம் பார்த்தது.

அங்கே எல்லார் வாயிலிருந்தும் வந்தது ஆங்கிலம்தான். ஆனால் அந்த மனிதர்கள் எல்லாரும் என் நினைவில் எப்போதோ எங்கள் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்படியே எழுதுகிறேன்.

நெவில் கதைப்பிரிவுக்குத் தலைவர். உயரமான, மெலிந்த மனிதர். வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை போடுவார். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிப்பார். வாசிப்பில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. காதல் வசனம், கொலை வசனம் எல்லாம் ரயில் நிலைய அறிவிப்புப் போலத்தான் வரும். "நல்லா வாசிச்சால் எந்தக் குப்பையும் நல்லாத்தான் இருக்கும். நான் வாசிச்சும் நல்லா இருந்தால்தான் அது வசனம்" என்பார். ஒரு கையில் தாள், மறு கையில் ஆப்பிள். வசனம் பிடித்தால் ஆப்பிளை ஒரு கடி கடிப்பார். பிடிக்காவிட்டால் மேசையில் வைத்துவிடுவார். பாராட்டு, திட்டு என்று வேறொன்றும் அவரிடமிருந்து வராது. பெரிய பெரிய எழுத்தாளர்களெல்லாம் அந்த ஆப்பிளையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒருநாள் கெவின் என்ற எழுத்தாளரின் பிரதியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மதுக்கடைக்காரி ஒரு குடிகாரனைத் திட்ட வேண்டிய இடம். கெவின் எழுதியிருந்தது: "ஜாக், நீ ஒரு முட்டாள்." எனக்கு அது உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. என் மாமி ஒருத்தி தன் புருசனைப் பற்றிச் சொல்வது ஞாபகம் வந்தது. கை தானாகத் தட்டிவிட்டது: "ஜாக், உன்ர மூளையைக் கழட்டி வைச்சாலும் தொப்பி அளவு மாறாது."

கூட்டத்தில் நெவில் அதை ரயில் அறிவிப்புக் குரலில் வாசித்தார். ஆப்பிளைக் கடித்தார். சத்தமாகக் கடித்தார்.

"கெவின், இது நல்லாயிருக்கு."

கெவின் நேர்மையான மனுசன். "நான் இதை எழுதேல்லை" என்றார்.

எல்லாத் தலைகளும் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பின.

"தட்டச்சுப் பிழை" என்றேன்.

நெவில் ஆப்பிளை மென்று விழுங்கினார். பிறகு சொன்னார்: "இனி ஒவ்வொரு எபிசோட்டிலயும் இப்பிடி நாலைஞ்சு பிழை விடு."

அப்படித்தான் நான் எழுத்தாளரானேன். முதலில் பிழைகள், பிறகு காட்சிகள், பிறகு முழு எபிசோட்டுகள். கடைசியில் என் பெயரும் திரையில் ஓடியது. மெல்பேர்னின் டண்டினொங் மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எமெல்டா, நீர் ரீவியில வாறீராம்?"

"வாறதில்லை அன்ரி. எழுதுறன்."

"ஓ, கீழ ஓடுற எழுத்தோ?"

"இல்லை அன்ரி, அவை கதைக்கிறதை."

அவர் சிறிது யோசித்தார். "அவை தாங்களாக் கதைக்க மாட்டினமோ?"



குதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒரு குதிரையிலும் ஏறியதில்லை. கிட்டப் போனதே இரண்டொரு தடவைதான். ஆரம்பத்தில் ஒரு காட்சியின் முடிவில், 'குதிரை கவலையோடு திரும்பிப் பார்க்கிறது' என்று எழுதிவிட்டேன். படப்பிடிப்பில் அந்தக் குதிரை திரும்பியது, கொட்டாவி விட்டது, சாணி போட்டது, கவலைப்பட மட்டும் மறுத்துவிட்டது. பாதி நாள் வீணாகப் போயிற்று. மறுநாள் குதிரைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்.

"இதில ஆர் எமெல்டா?"

நான் கை உயர்த்தினேன்.

"குதிரைக்குக் கவலை வந்தால் முகம் எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கால் நடிச்சுக் காட்டுறீங்களோ? நான் போய் அதுக்குச் சொல்லிக்குடுக்கிறன்."

நெவில் தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தத் தாள் நடுங்கியது. அன்றிலிருந்து என் கதைகளில் குதிரை வரும், குதிரை போகும். அதற்கென்று சொந்த அபிப்பிராயம் எதுவும் இருக்காது.

இனி மார்ஜரியின் கதைக்கு வருகிறேன். அதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

தொடரில் மதுக்கடைக்காரி மிசிஸ் டகனாக நடித்தவர் மார்ஜரி. மேடை நாடகத்தில் பழுத்து வந்தவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும், கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. வேகமான நாக்கு. நான் எழுதும் வசைகளை எல்லாம் அவர் வாயில்தான் போடுவேன். அவர் அதைக் கடித்துத் துப்பும்போது, நான் எழுதியதைவிடக் காரமாக இருக்கும்.

ஒருநாள் படப்பிடிப்பில் தேநீருக்கு வரிசையில் நின்றோம். மார்ஜரி என் காதோரம் குனிந்து, முன்னால் நின்ற ஒருவரைக் காட்டி, "அந்தப் பெடியன் ஆர்?" என்று கேட்டார்.

அவருடைய மதுக்கடையில் கிளாஸ் துடைப்பவனாக, தொடரின் முதல் நாளிலிருந்து அவருக்குப் பக்கத்திலேயே நின்று நடிக்கிறவர் அவர்.

"உங்கட கடை வேலையாள்" என்றேன்.

மார்ஜரி நிமிர்ந்தார். "எனக்குத் தெரியும். நீ கவனமா இருக்கிறியோ எண்டு பாத்தனான்."

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வசனத்தின் நடுவில் மார்ஜரி நின்றுவிடுவார். பிறகு வெளிச்சம் சரியில்லை என்று யாரையாவது ஏசுவார். வெளிச்சம் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

நான் அவருடைய வசனங்களைச் சுருக்கினேன். நீளமானவற்றை மற்றவர்கள் வாயில் போட்டு, அவருக்குக் கடைசிக் குத்தை மட்டும் வைத்தேன். அதுவும் போதாமல் போனபோது, கலைப்பிரிவுப் பெண் ஒருத்தியைக் கூட்டுச் சேர்த்து, வசனங்களைப் பெரிய எழுத்தில் எழுதி மதுப் போத்தல்களின் பின்பக்கம் ஒட்டினோம். கமராவுக்குப் போத்தலின் முன்பக்கம் தெரியும், மார்ஜரிக்குப் பின்பக்கம் தெரியும். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு போத்தலைத் தூக்க வேண்டியிருந்ததால், மிசிஸ் டகன் ஊற்றிய சாராயத்தின் அளவு பயங்கரமாகக் கூடிவிட்டது. எங்கள் மாதா கோவில் சுவாமியார்கூட என்னிடம், "பிள்ளை, உங்கட தொடரில குடி கொஞ்சம் மிஞ்சிப் போச்சு" என்று குறைப்பட்டார்.

மார்ஜரியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதுப் பிரதியைப் புரட்டிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்ர வசனம் மெலிஞ்சு போச்சு."

"நீங்கள் முகத்தாலயே கனக்கச் சொல்லுறீங்கள். வசனம் எதுக்கு?"

என்னை ஒரு கணம் பார்த்தார். "பொய் சொல்லத் தெரியாதவள் எல்லாம் எழுத வந்திட்டாள். போய்ப் பழகு."

நெவிலுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் வாசித்துக்கொண்டு வந்தவர், நடுவில் நிறுத்தி, "மிசிஸ் டகன் இப்ப கனக்க ஊத்துறா" என்றார்.

"வியாபாரம் நல்லம்" என்றேன்.

ஆப்பிளைக் கடித்துவிட்டு மேலே வாசித்தார்.

இப்படியே ஓட்டியிருக்கலாம். அதற்குள் டெரெக் வந்தார். விளம்பரத் துறையிலிருந்து வந்த புதுத் தயாரிப்பாளர். தொடரை நிறுத்திவிடலாமா என்று ஒளிபரப்பும் சனல்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம். டெரெக் எங்களைக் கூட்டி வைத்து, அந்த வருடத்தின் கடைசி எபிசோட்டைப் பற்றித் தன் கனவை விவரித்தார். ஒரு வழக்கு. சாட்சிக் கூண்டில் மிசிஸ் டகன். நீண்ட, கண்ணீர் வரவைக்கும் ஒரு பேச்சு. முழு நாடும் அழ வேண்டும். படப்பிடிப்பைப் பார்க்கச் சனலின் பெரியவர்களைக் கூப்பிட்டாயிற்று.

நெவில் மெல்ல, "பேச்சைச் சார்ஜன்டுக்குக் குடுத்தால் என்ன?" என்றார்.

"ஏன்? மார்ஜரிக்கு ஏலாதோ?"

ஏலாது என்று சொன்னால் அன்றோடு மார்ஜரிக்கு வேலை இல்லை. ஏலும் என்று சொன்னால், முழுப் படப்பிடிப்புக் குழுவும் சனல்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் கூண்டில் நின்று தடுமாறுவார்.

"ஏலும்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

"நல்லம். சரிவராட்டி அடுத்த வருசம் மிசிஸ் டகனை ஆத்து வெள்ளத்தில விடுவம். அதையும் சனம் பாக்கும்" என்று சொல்லிவிட்டு டெரெக் எழுந்து போனார்.

எனக்கு எழுத வரவில்லை. நீதிமன்றத்தில் போத்தல் கிடையாது. கூண்டின் கம்பியில் ஒட்டலாமா, வக்கீலின் முதுகில் ஒட்டலாமா என்றெல்லாம் யோசித்தேன். பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். வெட்டிய துண்டுகளும் நீளமாகத்தான் இருந்தன. கடைசியில் நெவிலிடம் போய் வெறும் தாளைக் காட்டினேன்.

அவர் அதையும் சிறிது நேரம் வாசித்தார். பிறகு கேட்டார்: "மிசிஸ் டகன் பேச வேணும் எண்டு ஆருக்கு அவசரம்?"

"நீதவானுக்கு."

"அப்ப அவர் பேசட்டுமன்."

அது எனக்கு முழுதாக விளங்கியது சனிக்கிழமை காலையில், எங்கள் வீட்டுக் குசினியில்தான். நான் மேசையில் இருந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் சேவியர் சாவி தேடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எமெல்டா, கார்த் திறப்பைக் கண்டனீரோ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் ஒரு பட்டாணி இருந்தது.

"மேசையிலதான் வைச்சனான். நீர்தான் எடுத்து எங்கயோ வைச்சிட்டீர். இல்லை, நேற்று வேலையால வந்து நேரே தோட்டத்துக்குப் போனனான் என்ன? அப்ப அந்தக் காற்சட்டை... சரி சரி, அப்பிடிப் பாக்காதையும், நான்தான் துலைச்சனான்."

காற்சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு, என்னிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பட்டாணி மட்டும்தான் உரித்தேன்.

அன்றே எழுதி முடித்தேன். அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து ஒரு பெண் தப்பி ஓடிவிட்டாள். அவளை ஒளித்து வைத்து அனுப்பியது மிசிஸ் டகன் என்று வழக்கு. நீதவான் அந்தக் கணவனின் கூட்டாளி. மிசிஸ் டகன் மத்தியானச் சமையலுக்கான பட்டாணியோடு கூண்டில் ஏறுகிறார். நீதவான் கேள்வி கேட்கிறார். மிசிஸ் டகன் உரிக்கிறார். நீதவான் அதட்டுகிறார், மிசிஸ் டகனோ உரிக்கிறார். பதில் வராத ஆத்திரத்தில் நீதவான் தன் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லத் தொடங்கி, சொல்லச் சொல்ல மாட்டிக்கொள்கிறார். அன்று மதுக்கடைப் பின்னறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது அவர்தான். யாரோ பயணிக்கு உதவுவதாக நினைத்து, அந்தப் பெண்ணின் பெட்டியைக் குதிரை வண்டியில் தூக்கி வைத்ததும் அவரேதான்.

நெவில் வாசித்து முடிக்கும்போது கையில் ஆப்பிளின் நடுத்தண்டுதான் மிச்சம். டெரெக்தான் முகத்தைச் சுளித்தார்.

"இதில மார்ஜரிக்கு வசனமே இல்லையே."

"கடைசியில ஒண்டு வரும். முழு நாடும் அதுக்காகக் காத்திருக்கும்" என்றார் நெவில்.

"அப்ப அது பெரிசா இருக்க வேணும்."

பெரிதாகவே எழுதினேன். 'கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீரா?' என்று நீதவான் கேட்க, மிசிஸ் டகன் நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும்: "ஐயா, ஒரு பெண்ணின் மௌனம் ஆயிரம் சாட்சிகளுக்குச் சமம்." டெரெக் கண்ணை மூடிக்கொண்டு அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

படப்பிடிப்பு நாளில் சனல்காரர்கள் வரிசையாகக் கதிரைகளில் இருந்தார்கள். நீதவானாக நடித்தவர் கொலின். ஒரு வசனம் கிடைத்தால் அதை மூன்றாக்கிப் பேசுகிறவர். பக்கம் பக்கமாகக் கிடைத்ததில் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. மார்ஜரி மடியில் தகரக் கிண்ணத்தோடு கூண்டில் இருந்தார்.

கொலின் கேட்டார். மார்ஜரி உரித்தார். தகரத்தில் பட்டாணி விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கொலின் கத்தினார். மார்ஜரி ஒரு பட்டாணியைத் தூக்கிப் பார்த்து, அது பிடிக்காமல் எறிந்தார். நான் எழுதாதது அது. கொலின் வியர்த்தார், உளறினார், மாட்டிக்கொண்டார். பிறகு கதிரையில் சாய்ந்து, களைத்த குரலில் கேட்டார்: "கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறீரா?"

மார்ஜரி நிமிர்ந்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

யாரும் அசையவில்லை. இயக்குநர் 'கட்' சொல்லவில்லை. டெரெக் தன் உதட்டை அசைத்து அந்த வசனத்தை ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 'நான்தானே ஏலும் எண்டனான்' என்று மட்டும் என் மனதில் ஓடியது.

மார்ஜரி நீதவானைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். பிறகு உரிக்காத பட்டாணியில் ஒரு கை நிறைய அள்ளி, கூண்டிலிருந்து எட்டி, நீதவானின் மேசையில் வைத்தார். வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

வாழ்க்கையில் ஒரு இடைவெளியையும் சும்மா விட்டிராத கொலின், அந்தப் பட்டாணியைப் பார்த்தார். கூடியிருந்த ஊர்ச்சனத்தைப் பார்த்தார். மெதுவாக ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

கமராக்காரரின் தோள் குலுங்கியது. 'கட்' என்ற சத்தம் கேட்டதுதான் தாமதம், சனலிலிருந்து வந்த ஒரு அம்மா கதிரையில் முன்னால் மடிந்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எல்லோரும்.

டெரெக் நெவிலின் கையைப் பிடித்தார். "இது எழுதியிருந்ததோ?"

எங்கள் தொழிலில் கடைசி நேரத் திருத்தங்களை நிறத் தாளில் அடித்துக் கொடுப்போம், பழைய பிரதியோடு குழம்பக்கூடாது என்பதற்காக. நெவில் கண்ணிமைக்காமல் சொன்னார்: "மஞ்சள் தாளில இருக்கு. உங்களுக்கு வரேல்லையோ? எமெல்டா, இவருக்கு மஞ்சள் தாள் குடுக்கேல்லையோ?"

"மேசையில இருக்கு. எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன். கதவுவரை நடந்தேன். கதவைத் தாண்டியதும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டச்சுப் பொறி இருந்த அலுவலக வண்டிக்கு ஓடினேன். நடந்ததை அப்படியே மஞ்சள் தாளில் தட்டச்சு செய்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது தாளில் சூடுகூட ஆறியிருக்காது. டெரெக் வாசித்துப் பார்த்துவிட்டு, "எழுத்திலயே எல்லாம் இருக்கு" என்றார்.

தொடர் நிற்கவில்லை. அந்த மௌனம் தன்னுடைய யோசனை என்று டெரெக் பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை. மார்ஜரி இன்னொரு வருடம் நடித்தார். பிறகு தானாகவே வந்து, மிசிஸ் டகன் தங்கையோடு போய் இருக்கப் போகிறாள், உயிரோடு வண்டியேற்றி அனுப்புங்கள் என்று நெவிலிடம் கேட்டுக்கொண்டார். அனுப்பினோம். ஆற்று வெள்ளம் ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும் என்று டெரெக் நின்றதால், அதில் சார்ஜன்டை விட்டோம். மார்ஜரியும் நெவிலும் இப்போது இல்லை.

அந்த நாளின் மிச்சம் ஒன்று இருக்கிறது. படப்பிடிப்பு முடிந்து நான் ஒப்பனை வண்டிக்குப் போனேன். மார்ஜரி கண்ணாடிக்கு முன்னால் இருந்து பொய்முடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் போனேன். அவருக்குப் பின்னால் நின்றேன்.

கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "நான் வசனத்தை மறந்திட்டன் எண்டு நினைச்சனீ, என்ன?"

"இல்லையோ?"

"நல்லா ஞாபகம் இருந்தது" என்றார் மார்ஜரி, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தபடி. "நல்லாயில்லை. அதாலதான் விட்டிட்டன்."

அது உண்மையா, பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று பின்னேரமே பிரதியை எடுத்து அந்த வசனத்தை நெவிலின் குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், எனக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

நல்லாயில்லைத்தான்.